பியானோப் பேழையும் பம்பாய் மழையும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் வீணையைப் பற்றியும் நாகசுரத்தைப் பற்றியும் கட்டுரைகள் வெளிவருவது இயல்பு. பியானோவைப் பற்றி, அதிலும் அதன் இசையைப் பற்றியன்றி, அதன் மரப் பேழையையும் அப்பேழை பழுதுற்றால் செப்பனிடும் முறையையும் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று வினவுவாரும் உளர். கடல் கடந்து வந்த ஒரு பொருள் இந்நகரத்து மழையிலும் உப்புக் காற்றிலும் எவ்வாறு நிலைபெற்றது என்பது, ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு அந்நியமான செய்தியாகாது. மேலும், இசை வரலாறு எழுதுவோர் பாடலாசிரியரையும் வாசிப்பவரையும் மட்டுமே எழுதுகின்றனர். கருவியின் அடியில் மல்லாந்து கிடந்து, கையில் வச்சிரக் கிண்ணத்தோடு விரிசலைத் தேடுகின்ற தச்சனை எவரும் எழுதுவதில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே நம் நோக்கம்.

பியானோ என்பது யாது? நம்மவருள் பலர் அதனை ஹார்மோனியத்தின் தமையன் என்று எண்ணுகின்றனர். வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதே அதற்குக் காரணம். உண்மையில் ஹார்மோனியம் காற்றால் ஒலிப்பது. பியானோவோ நரம்பால் ஒலிப்பது. ஆதலின் அதனை யாழின் இனத்தோடு சேர்த்தலே பொருந்தும். பெரிய பியானோவின் மூடியைத் தூக்கி உள்ளே நோக்குவார், படுக்க வைத்த மாபெரும் யாழ் ஒன்றைக் காண்பர். கட்டையை விரல் அழுத்த, உள்ளிருக்கும் சிறு சுத்தியல் ஒன்று எழுந்து நரம்பைத் தட்டி மீள்கிறது.

நம் பழைய யாழுக்குப் பத்தர் என்னும் மரக்குடம் இருந்தது. அதன்மீது தோற்போர்வை இருந்தது. அதனின்று வளைந்தெழுந்த கோடு இருந்தது. நரம்புகளை அக்கோட்டில் இறுக்கிக் கட்டும் திவவு இருந்தது. ஆற்றுப்படை நூல்களைக் கற்றோர் இவற்றை அறிவர். நரம்பின் இழுப்பையெல்லாம் அந்த வளைந்த கோடே தாங்கியது. அந்த யாழ் வழக்கொழிந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அப்பெரியார் அத்துணை பாடுபட நேர்ந்ததேன்? தொட்டுப் பார்த்து அளக்கப் பழைய யாழ் ஒன்றுகூட எஞ்சவில்லை. நூல்களிலுள்ள சொற்களைக் கொண்டே கருவியின் வடிவைக் கணக்கிட வேண்டியதாயிற்று. இசை அழிவதற்குமுன் மரம் அழிந்துவிடுகிறது என்பதை நாம் இங்கு நினைவிற் கொள்வோம்.

யாழ் போனபின் வீணை நின்றது. தஞ்சை வீணை பலாமரத்தாலானது. குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்திற்கு மதிப்பு மிகுதி. மரத்தை இரண்டாக வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் என்றேனும் ஒருநாள் பகை மூளும். ஒட்டே இல்லையெனில் பகையும் இல்லை. நம் தச்சர் கண்ட வழி இஃது. ஐரோப்பியத் தச்சர் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றனர். அவர்கள் கருவி முழுவதும் ஒட்டு. பேழையின் வரலாறு என்பதே ஒட்டின் வரலாறுதான்.

இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரில் மெடிச்சி அரச குடும்பத்தாரிடம் பணியாற்றிய பார்த்தோலோமியோ கிறிஸ்தோபரி என்பவர் 1700-ஆம் ஆண்டை ஒட்டிப் பியானோவைப் படைத்தார். அவர் கைப்பட்ட மூன்று பியானோக்கள் இன்றும் உள்ளன. 1720-இல் செய்தது நியூயார்க்கிலும், 1722-இல் செய்தது ரோமிலும், 1726-இல் செய்தது லைப்சிக்கிலும் இருக்கின்றன. சுத்தியலால் தட்டும் பொறியைக் கண்டவர் என்றே அவரைப் பலரும் புகழ்வர். நமக்கு அவர் செய்த இன்னொன்று பெரிதாகத் தோன்றுகிறது. நரம்பின் இழுப்பைத் தாங்கும் வெளிச்சுவர் வேறு, ஒலிப்பலகையை ஏந்தும் உட்சுவர் வேறு என்று பேழையை இரண்டாகப் பகுத்தார் அவர். வெளிச்சுவர் வளைந்தாலும் உள்ளே ஒலிப்பலகை நெரிபடாது. ஒலிப்பலகை என்பது நரம்பின் நடுக்கத்தை வாங்கிப் பெருக்கும் மெல்லிய பலகை. நம் யாழின் போர்வைக்கு ஒப்பானது. பேழை வெறும் உறையன்று, அதுவே முதுகெலும்பு என்பதை முதலில் உணர்ந்தவர் பியானோவை முதலில் செய்தவரே என்பது எண்ணி மகிழத்தக்கது.

பின்வந்தோர் உரத்த நாதம் வேண்டினர். உரத்த நாதத்திற்குத் தடித்த நரம்பு வேண்டும்; தடித்த நரம்பிற்கு மிகுந்த இழுப்பு வேண்டும். இழுப்பு மிக மிக மரப்பேழை முறுகலாயிற்று. பெரிய பியானோவின் பேழை ஒருபுறம் நேராகவும் மறுபுறம் வளைந்தும் இருப்பதால் இழுப்பு இரு பக்கத்தும் சமமாக விழுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு மூலை மேலெழும். பேழை, ஈரத்துணியைப் பிழிவதுபோல், மெல்லத் திருகும். பழைய மரச்சட்டப் பியானோக்களில் இந்நோய் பெரும்பாலும் காணப்படுவது.

இலண்டன் பிராட்வுட் நிறுவனத்தார் 1817-ஆம் ஆண்டின் இறுதியில் பேத்தோவனுக்கு ஒரு பெரிய பியானோவைப் பரிசாக அனுப்பினர். அது கப்பலேறித் திரியஸ்தே துறையில் இறங்கி, அங்கிருந்து மலைவழியே வண்டியில் வியன்னா சென்றது. செவிப்புலன் மங்கிய அப்பெருமகன் அதனை எத்துணை வன்மையாகத் தட்டியிருப்பார் என்று சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் அது லிஸ்ட் என்னும் இசைவாணர் கைக்குச் சென்று, இன்று புடாபெஸ்டிலுள்ள ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1991-இல் டேவிட் வின்ஸ்டன் என்னும் கைவினைஞர் அதனைச் செப்பனிட்டார். இத்தகைய பணியில் எழும் வினா எளிதன்று. பழைய மரத்தை எடுத்துவிட்டுப் புதிய மரம் வைத்தால் கருவி பாடும். ஆனால் அது எவருடைய கருவி? பழைய மரத்தை அப்படியே விட்டால் வரலாறு மிஞ்சும், கருவி பாடாது. தேர்ந்த செப்பனிடுவோர் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே தேடுகின்றனர்.

மரத்தால் மட்டும் ஆகாது என்று கண்டபின் இரும்பு வந்தது. 1820-களில் இரும்புக் கம்பிகளை நரம்பிற்கு இணையாகப் பொருத்தினர். 1825-இல் பாஸ்டன் நகரத்து அல்பியஸ் பாப்காக் ஒரே வார்ப்பாகச் செய்த இரும்புச் சட்டத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அது மேசை வடிவச் சதுரப் பியானோவுக்கு உரியது. 1843-இல் அந்நகரத்தவரான ஜோனாஸ் சிக்கரிங் அம்முறையைப் பெரிய பியானோவுக்குக் கொணர்ந்தார். இன்றைய பெரிய பியானோவில் 88 கட்டைகள், ஏறத்தாழ 230 நரம்புகள். அவற்றின் மொத்த இழுப்பு ஏறத்தாழ 20 டன். கச்சேரி மண்டபத்து ஸ்டெயின்வே பியானோ ஒன்று 274 சென்டிமீட்டர் நீளமும் 480 கிலோ எடையும் உடையது.

ரயில்வேயில் காலங்கழித்த நமக்கு இச்செய்தி ஒரு பழைய பெட்டியை நினைவூட்டுகிறது. 1955-இல் பெரம்பூர்த் தொழிற்சாலை முழு எஃகுப் பெட்டிகளைச் செய்யத் தொடங்குமுன், நம் நாட்டுப் பயணிகள் பெட்டி பெரும்பாலும் கீழே இரும்புச் சட்டமும் மேலே தேக்குமர உடலுமாகவே இருந்தது. 1915-இல் ஏற்பட்ட மாதுங்காப் பணிமனையில் அத்தகைய மர உடல்களைச் செப்பனிட்ட தச்சர் பலர். இழுப்பும் இடியும் இரும்பின் பொறுப்பு. ஆயினும் மரத்தின் பொருத்துத் தளர்ந்தால் பெட்டி முழுவதும் கிறீச்சிடும். பியானோவிலும் அவ்வாறே. இரும்பு வந்ததனால் பேழையின் வேலை ஒழிந்துவிடவில்லை. இரும்புச் சட்டம் அமர்வதும் பேழைமீதே. நரம்பை முறுக்கும் ஆணிகள் செருகப்பட்ட முறுக்காணிப் பலகை மரமே. ஒலிப்பலகையின் விளிம்பைக் கவ்விப் பிடிப்பதும் மரமே.

1880-இல் நியூயார்க் ஸ்டெயின்வே நிறுவனத்துத் தியோடர் ஸ்டெயின்வே பேழைச்சுவரைச் செய்யப் புதுமுறை ஒன்றுக்கு உரிமை பெற்றார். அதுவரை பல துண்டுகளை இணைத்துச் செய்த சுவரை, மேப்பிள் மரத்தின் நீண்ட மெல்லிய பட்டைகளை அடுக்கி, வச்சிரம் பூசி, ஈரம் காயுமுன் ஓர் இரும்பு அச்சைச் சுற்றி ஒரே வளைவாக வளைத்து இறுக்கும் முறை அது. பெரிய கருவிக்கு 18 பட்டைகள் வரை அடுக்குவர். அச்சினின்று எடுத்த சுவரை வாரக்கணக்கில் ஓய்வாக வைத்து, அதன் பிடிவாதம் அடங்கியபின்னரே மேல்வேலை தொடங்குவர். வீணைத் தச்சன் ஒரே மரத்தில் தேடிய ஒருமையை இவர்கள் பல பட்டைகளின் ஒட்டில் தேடினர் என்று கொள்ளலாம்.

நிற்க. இக்கருவி நம் நாட்டிற்கு வந்தது எப்போது? கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே வந்துவிட்டது. ஸோபனி என்னும் ஓவியர் 1786-இல் தீட்டிய படம் ஒன்றில் கம்பெனிப் படையின் கர்னல் பிளேர் குடும்பத்துடன் அமர்ந்திருக்க, மூத்த மகள் பியானோ வாசிக்கிறாள். அருகே நம் நாட்டு ஆயா ஒருத்தியும் நிற்கிறாள். 1789-இல் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் கல்கத்தாவில் இந்துஸ்தானி மெட்டுகளை ஐரோப்பியக் கட்டைக் கருவிக்கு ஏற்ப எழுதி நூலாக வெளியிட்டார். சென்னையில் 1842-இல் தோன்றிய மிஸ்க்வித் நிறுவனம் பின்னாளில் மியூசி மியூசிக்கல் என்னும் பெயரில் நிலைத்தது. பம்பாயில் 1865-இல் பர்ட்டாடோ கடை தோன்றியது; தோபிதலாவ் பகுதியில் அப்பெயரை இன்றும் காணலாம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பியச் சரக்குக் கப்பலுக்கு முதல் வாயில் பம்பாயாயிற்று. துறைமுகத்தில் இறங்கிய பியானோப் பெட்டிகள் ரயிலேறி உள்நாட்டுப் பாளையங்களுக்கும் மலைவாசத் தலங்களுக்கும் சென்றன.

வந்த பியானோக்களுக்கு இங்கு நேர்ந்தது என்ன? அக்காலத்து ஒட்டு முழுவதும் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரமே. குளிர்நாட்டு உலர்ந்த அறையில் அது நூறாண்டு நிற்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது இளகும், பூஞ்சை பிடிக்கும், பிடி விடும். முதலிற் கழன்றது மேலே அழகுக்காக ஒட்டிய மெல்லிய மேற்பட்டை. பின்னர்க் கழன்றன உள்ளிருக்கும் பொருத்துகள். ஆகவே வெப்ப நாடுகளுக்கென்றே தனிப் பியானோ செய்யலாயினர். மேற்பட்டை ஒட்டாத கெட்டி மரம், ஒட்டிய இடந்தோறும் மறைவாகவோ வெளிப்படையாகவோ பித்தளைத் திருகாணி, மூலைகளில் பித்தளைத் தகடு ஆகியவை அவற்றின் அடையாளம். இரும்புத் திருகாணியன்றிப் பித்தளையைக் கொண்டது ஏனென்றால், கடற்காற்றில் இரும்பு துருவேறி மரத்தையும் கறைப்படுத்தும் என்பதால். சீமையிலிருக்கும் வணிகன், தான் கண்டிராத நம் ஊர் மழைக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு இது.

அம்மழை மரத்தை என்ன செய்கிறது என்பதையும் பார்ப்போம். மரம் வெட்டுண்டு நூறாண்டு ஆயினும் காற்றின் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆக இருக்கும்போது மரத்தில் ஈரம் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு நிற்கும். ஜூலை மாதத்து மும்பையைப்போல் 85 ஆகும்போது அது 17 வரை ஏறும். ஈரம் ஏறினால் மரம் வீங்கும்; ஆனால் நீளவாட்டில் வீங்காது, அகலவாட்டிலேயே வீங்கும். ஸ்ப்ரூஸ் மரத்து ஒலிப்பலகை தடையின்றி விடப்பட்டால் ஒரு மீட்டர் அகலத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விரியும். ஆனால் அது நான்கு புறமும் பேழையில் சிறைப்பட்டிருக்கிறது. விரிய இடமின்றி நடுவில் மேடிடும், இழைகள் நசுங்கும், அக்டோபர் வெயிலில் சுருங்கும்போது நசுங்கிய இழைகள் பழைய அளவுக்கு மீளாமல் பிளக்கும். ஆகவே விரிசல் வெயிற்காலத்தில் தோன்றினாலும், அதன் வித்து மழைக்காலத்தில் இடப்பட்டதே. இதனை அறியாதார் வெயிலைக் குறை கூறுவர்.

மழைக்கு அஞ்சிய பம்பாய் வீட்டார் பியானோவின் உள்ளே அல்லது அடியே ஒரு சிறு மின்விளக்கை இரவும் பகலும் எரிய விடுவர். அதன் வெப்பம் ஈரத்தை விரட்டும். எளிய முறையாயினும் பயனுடையது.

இத்தகைய காற்றிலேதான் இந்நகரத்துப் பியானோ வாழ்வு செழித்தது. கடலோரத்தில் 1903-இல் திறந்த தாஜ்மஹால் ஹோட்டலில் 1930-களில் டெடி வெதர்போர்டு என்னும் அமெரிக்க நீக்ரோ இசைவாணர் ஜாஸ் வாசித்தார். அவர் 1945-இல் கல்கத்தாவில் மறைந்தார். 1935-இல் மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பனி வாத்தியக் குழுவைத் தோற்றுவித்தார். பார்சி இல்லங்களிலும் மாதா கோயில் மண்டபங்களிலும் கோவா வாத்தியக்காரர் குடியிருப்புகளிலும் படத் தொழிலின் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பியானோ இருந்தது. தமிழ்ப் படங்களும் பின்தங்கவில்லை. 'புதிய பறவை' (1964) படத்தில் சிவாஜி கணேசன் பியானோவின் முன் அமர்ந்த காட்சியை நம் குடும்பத்தார் எவரும் மறந்திரார்.

1950-களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1991 வரை நிலைமை பெரிதும் தளரவில்லை. புதிய பியானோ தருவிப்பது அரிதினும் அரிதாயிற்று. நரம்பும் கம்பளித் துணியும் முறுக்காணியும் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே வெள்ளையர் விட்டுச் சென்ற கருவிகளையே திரும்பத் திரும்பச் செப்பனிட வேண்டியிருந்தது. மேப்பிள் இல்லாத இடத்தில் தேக்கு நின்றது. இக்காலத்தில் பணியாற்றிய செப்பனிடுவோர் பெரும்பாலும் ஏட்டிற் கற்றவரல்லர். தந்தையிடமோ மாமனிடமோ கடை முதலாளியிடமோ கற்றவர். அவர்கள் பெயரைப் பியானோவின் முன்பலகையில் பொன்னெழுத்தில் எவரும் பொறிக்கவில்லை. கட்டைகளைக் கழற்றினால் உள்மரத்தில் கரிக்கோலால் எழுதிய ஒரு கையொப்பமும் தேதியும் சிற்சில கருவிகளில் தென்படுவதுண்டு. அவ்வளவே.

இனிச் செப்பனிடும் முறைக்கு வருவோம். முதற்கண் நோயறிதல். கட்டிலின் கோணலைப் பார்க்கும் தச்சன்போல், பேழையின் எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுவர். பேழை திருகாதிருந்தால் இரு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொடும். திருகியிருந்தால் இடைவெளி காணும். அவ்விடைவெளியே நோயின் அளவு. பின்னர் அடியிற் படுத்து, விளக்கொளியில் தாங்குசட்டங்களின் பொருத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பர். மெல்லிய தகட்டை ஒட்டின் வாயில் செலுத்துவர். தகடு நுழைந்த ஆழமே ஒட்டு விட்ட ஆழம். விரல் மடக்கித் தட்டியும் பார்ப்பர். நல்ல ஒட்டு இறுகிய ஒலி தரும். விட்ட ஒட்டு பொக்கென்று ஒலிக்கும். தேங்காய் வாங்கும் நம் இல்லத்தரசியர்க்கு இக்கலை புதிதன்று.

அடுத்தது நரம்பைத் தளர்த்துதல். அவசரக்காரர் கருவியைக் கொல்லும் இடம் இதுவே. 20 டன் இழுப்பில் நூறாண்டு நின்ற உடலை ஒரே நாளில் ஒருபுறமாக விடுவித்தால், இழுப்பு மறுபுறம் பாய்ந்து இரும்புச் சட்டமே வெடிக்கக்கூடும். எல்லா நரம்பையும் சிறிது சிறிதாக, பல சுற்றுகளில், இடமும் வலமும் ஒத்தாற்போல் தளர்த்த வேண்டும். அதன்பின் சட்டத்தைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி எடுத்தால், மரப்பேழை முதன்முறையாகச் சுமையின்றி நிற்கும். அப்போது சில விரிசல்கள் தாமே மூடிக்கொள்வதும், சில புதியன தெரிய வருவதும் உண்டு.

விட்டுப்போன ஒட்டைச் சேர்ப்பதில் வச்சிரத்திற்கு ஒரு பெருமை உண்டு. வெதுவெதுப்பான நீரும் வெப்பமும் கொடுத்தால் பழைய வச்சிரம் இளகும். புதியது பழையதோடு கலந்து பிடிக்கும். ஆகவே பொருத்தை உடைக்காமல் பிரிக்கலாம். ஐம்பதாண்டு கழித்து வருபவனும் பிரிக்கலாம். இன்று கிடைக்கும் எபாக்சிப் பசை நீரையும் வெயிலையும் பொருட்படுத்தாது, இடைவெளியையும் நிரப்பும். ஆனால் ஒட்டியபின் அது மனம் மாறுவதில்லை. அடுத்த முறை மரத்தையே கிழிக்க வேண்டும். மும்பை மழையைப் பார்ப்போர் எபாக்சியை நாடுவதையும், கருவியின் நாளையை எண்ணுவோர் வச்சிரத்தை நாடுவதையும் நாம் குறை கூற இயலாது. எனினும், வழி இருக்கும்வரை பிரிக்கக்கூடிய ஒட்டே நேர்மையான ஒட்டு என்பது நம் கருத்து.

இடைவெளி அகன்றிருந்தால் பசை மட்டும் பயன்படாது. அதே மரத்தில், இழையோட்டம் ஒத்துவருமாறு இழைத்த மெல்லிய சீவல் ஒன்றை வைக்க வேண்டும். பேழைச்சுவரின் பட்டைகள் பிரிந்திருந்தால், சுவரின் வளைவிற்கேற்பக் குடைந்த அணைகட்டைகளை உள்ளும் புறமும் வைத்து, வரிசையாகப் பிடிகருவிகளால் இறுக்குவர். நேர்கட்டையை வைத்து இறுக்கினால் வளைவு கெடும். ஒலிப்பலகையின் விரிசலில் ஸ்ப்ரூஸ் மரச் சீவலை ஆப்புப்போல் இறக்குவர். அதனை மழைக்காலத்தில் செய்தல் ஆகாது. பலகை நன்கு உலர்ந்து விரிசல் முழுவதும் வாய்திறந்த பின்னரே செய்ய வேண்டும். ஆகவே இந்நகரத்தில் நல்ல செப்பனிடுவோன் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையே இப்பணிக்குத் தேர்ந்தெடுப்பான். ஜூலையில் இதனைச் செய்து தருகிறேன் என்பானிடம் சற்று எச்சரிக்கை தேவை.

முறுக்காணிப் பலகை வெடித்திருந்தால் ஆணிகள் பிடி இழக்கும்; காலையில் கூட்டிய சுருதி மாலையில் இறங்கிவிடும். இதற்கு மாற்றுப் பலகை ஒன்றே மருந்து. பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகையை, இரும்புச் சட்டத்தின் உதட்டோடு மயிரிழை இடைவெளியும் இன்றிப் பொருந்துமாறு இழைக்க வேண்டும். சட்டத்தில் சுண்ணப்பொடி தடவிப் பலகையை அமர்த்தி, பொடி ஒட்டிய மேட்டை மட்டும் சீவி, மீண்டும் அமர்த்திப் பார்ப்பர். நம் ஊர்த் தச்சர் கதவு நிலை பொருத்தும்போது செய்வதும் இதுவே. அவ்வேலை நாட்கணக்கில் நீளும். பார்ப்பவருக்கு ஒன்றும் நடவாததுபோல் தோன்றும். கூலி கொடுப்பவர் முகம் சுளிப்பார்.

திருகிய பேழையை நிமிர்த்துவது எல்லாவற்றிலும் கடினம். வலிந்து நிமிர்த்தினால் நிமிரும். நரம்பை ஏற்றியதும் மீண்டும் திருகும். சிறு திருகலாயின் அதனை அப்படியே விட்டு, உள்ளிருக்கும் பொறியை அதற்கேற்பச் சமன் செய்வதே அறிவுடைமை என்பர் பலர். கூனிய கிழவனைக் கயிறு கட்டி நிமிர்த்துவார் உண்டோ?

கரையானைப் பற்றியும் ஒரு சொல். தேக்கின் வைரத்தை அது பெரும்பாலும் தீண்டாது. குளிர்நாட்டு மென்மரங்களை விரும்பி உண்ணும். சுவரோரம் நின்ற பியானோவின் கால்வழி ஏறி, மேற்பூச்சைத் தொடாமல் உள்ளே அனைத்தையும் தின்றுவிடும். அந்நிலையில் செப்பனிடுவதற்கு மரமே இராது.

நம் தமிழகத்தில் பியானோ ஏன் வேரூன்றவில்லை? தஞ்சை இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) ஐரோப்பிய இசையேடுகளைத் தொகுத்தார். அவை சரசுவதி மகாலில் உள்ளன. பாலுசாமி தீட்சிதர் (1786–1858) வயலினைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். வயலின் வந்தது; பியானோ வெளியே நின்றது. கமகம் அதில் பேசாது என்பதே முதற்காரணம்; அதனை எவரும் மறுக்கார். அதனோடு இன்னொன்றும் இருத்தல் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். வயலின் ஒடிந்தால் வீணைத் தச்சனிடம் கொண்டு போகலாம். அவன் கையறிவே அதற்குப் போதும். பியானோ ஒடிந்தால் துறைமுக நகரத்திற்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். ஓர் ஊரில் செப்பனிட ஆளில்லாத கருவி அவ்வூர்க் கருவியாவது அரிது.

2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நம் குடியிருப்பார் மறக்க இயலாது. தாராவியிலும் சயனிலும் குர்லாவிலும் கீழ்த்தள வீடுகளில் நீர் நின்றது. அத்தகைய நீரில் ஓர் இரவு நின்ற மரக்கருவியை மறுநாள் வெயிலில் வைத்து உலர்த்துவது அன்பினால் செய்யும் கேடு. மரம் ஈரத்தை வாங்கிய வேகத்திலேயே விடுமாயின் கிழிந்துபோகும். நிழலில், காற்றோட்டத்தில், வாரக்கணக்கில் உலர வேண்டும். வீணைக்கும் மிருதங்கக் கட்டைக்கும் இது பொருந்தும்.

இன்று பழைய பங்களாக்கள் இடிக்கப்பட்டு அடுக்கு மாளிகைகள் எழுகின்றன. 480 கிலோ எடையுள்ள பொருளை மின்தூக்கியில் ஏற்ற இயலாது. மின்னியக்கக் கட்டைப் பலகை ஒன்றைப் பிள்ளைகள் தோளில் மாட்டிச் செல்கின்றனர். நமக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தில் நெடுங்காலம் நின்ற பெரிய பியானோ ஒன்று, "கட்டை எழவில்லை" என்னும் ஒரே காரணத்தால் பழைய இரும்பு விலைக்கு எடை போடப்பட்டது. இரும்புச் சட்டத்தைச் சம்மட்டியால் உடைத்தெடுத்தனர், மரம் விறகாயிற்று. ஈரத்தில் வீங்கிய கட்டைகள் ஒன்றோடொன்று உரசி நின்றிருந்தன போலும். உலர்த்தி, உரசிய இடத்தைச் சிறிது தேய்த்திருந்தால் அவை எழுந்திருக்கும். பேழைச்சுவரில் ஒரு பட்டைகூடப் பிரியவில்லை என்பதை உடைத்த துண்டுகளே காட்டின.

நம் குடியிருப்பைச் சூழ்ந்த பள்ளிகளிலும் மாதா கோயில்களிலும் பொது மண்டபங்களிலும் இத்தகைய கருவிகள் துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை விற்பதா வைத்திருப்பதா என்னும் வினா எழுந்து, நம் அன்பர் எவரேனும் அக்குழுவில் அமர நேருமாயின், மேற்பூச்சைப் பார்த்து முடிவு செய்யாதிருக்க வேண்டுகிறோம். ஒரு கைவிளக்கோடு அடியிற் சென்று பார்க்க. தாங்குசட்டங்கள் பேழைச்சுவரைக் கவ்வியுள்ளனவா, ஒலிப்பலகையின் அடிவரிச்சட்டங்கள் பலகையோடு ஒட்டியுள்ளனவா, காலருகே கரையான் மண் உண்டா என்று காண்க. மூலைக்கு மூலை நூல் பிடிக்க இருவர் போதும். பார்ப்பதற்கு ஜனவரி மாதம் ஏற்றது.